கண்ட்ரோல் பதினேழு

ஜனவரி 3, புதன்

ரீஏஜென்ட் என்னும் பரிசோதனை மருந்து விற்கும் கம்பெனி ரெப் புது வருட டைரி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அட்டையில் ஒரு சிறுநீரகம் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறது. பதினான்கு வருடமாக இந்த லேபில் இருக்கிறேன், சிரிக்கும் சிறுநீரகம் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. ஓசியில் வந்ததை வீணாக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுக் கொள்கை. ஆகவே எழுதுகிறேன்.

பெயர் சகாயராணி. வயது நாற்பத்து நான்கு. திருச்சிக்கு வெளியே ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் லேப் டெக்னீஷியன். ஒப்பந்த ஊழியர். ஒவ்வொரு வருடமும் மார்ச் 31 அன்று என் வேலை முடிந்து, முட்டாள்கள் தினத்தன்று மறுபடி தொடங்கும். வீடு உறையூரில். கணவர் அமலதாஸ் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். மகள் பிரின்சி ஆறாம் வகுப்பு. எனக்கு எந்த வியாதியும் கிடையாது.

இந்த வருடத்துத் திருப்பணி கோதண்டபாணி சாரின் ஆராய்ச்சி. சார் எங்கள் துறைத் தலைவர். சரியாகச் சொன்னால் இது மதுவந்தி டாக்டரின் எம்.டி. ஆய்வேடு. வேலை என்னுடையது, பெயர் மதுவந்தியுடையது, பெருமை சாருடையது. விஷயம் இதுதான்: முடக்குவாதம் வந்தவர்களுக்கு எலும்பு முனைகளில் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு கொஞ்சம் கொஞ்சமாக அரிபடும். எக்ஸ்ரேயில் அது தெரிவதற்குள் காரியம் பாதி கெட்டிருக்கும். ஆனால் அரிபடும்போதே அதிலிருந்து ஒரு புரதம் ரத்தத்தில் கலக்கிறது. அதை அளந்தால் முன்கூட்டியே தெரியுமா என்று பார்க்க வேண்டும். நாற்பது நோயாளிகள், நாற்பது ஆரோக்கியசாலிகள். ஆரோக்கியசாலிக்கு எங்கள் பாஷையில் கண்ட்ரோல் என்று பெயர்.

ஜனவரி 5, வெள்ளி

நோயாளிகள் நாற்பது பேரும் கிடைத்துவிட்டார்கள். மூட்டு நோய்ப் பிரிவு ஷகிலா பானு மேடத்தின் ஓ.பி. வாசலில் போய் நின்றால் போதும். ஆரோக்கியமான ஆளைத்தான் ஊரில் காணோம். வழக்கம்போல ஆஸ்பத்திரி ஊழியர்களையே வளைத்துப் பிடிக்கிறோம். ஒரு காபி, ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு குழாய் ரத்தம். வாட்ச்மேன் கொடுத்தார், நூலகர் கொடுத்தார். கேன்டீன் மாஸ்டர் மட்டும் மறுத்துவிட்டார்.

"நல்லா இருக்கறவன்கிட்ட எதுக்கும்மா ரத்தம்? எடுத்துப் பாத்துட்டு எதாச்சும் சொல்லிப்புடுவீங்க."

மனிதர் ஞானி.

மதியம் மதுவந்தி என் மேசைக்கு வந்து நின்றது. வயது இருபத்தேழு, எதற்கெடுத்தாலும் கண் கலங்கும் பெண். "அக்கா, பதினாறு பேர்தான் ஆச்சு. நீங்களும் குடுங்களேன், ப்ளீஸ்."

கொடுத்தேன். நான்தான் கண்ட்ரோல் பதினேழு. படிவத்தில் ஐந்து கேள்விகள். மூட்டு வலி உண்டா? இல்லை. வீக்கம் உண்டா? இல்லை. காலையில் விரல்கள் விறைத்திருக்குமா? இல்லை. மார்கழியில் ஊருக்கே விறைப்பாகத்தான் இருக்கிறது, அதையெல்லாம் படிவத்தில் எழுதிக்கொண்டிருந்தால் ஆய்வு விளங்கிவிடும்.

எந்த எண் யாருடையது என்பது என் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. பதிவேடு டிராயரில், சாவி என்னிடம். சாருக்குக்கூடச் சொல்லக் கூடாது என்பது நெறிமுறைக் குழுவின் உத்தரவு. சாரும் கேட்க மாட்டார், அவருக்கு மனிதர்களைவிட எண்களைத்தான் பிடிக்கும்.

ஜனவரி 9, செவ்வாய்

ரத்தக் குழாய்களின் மூடியை இந்த முறை மிகவும் இறுக்கமாகச் செய்திருக்கிறார்கள். ரெப்பைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். "மேடம், ஆறு வருஷமா அதே மூடிதான் சப்ளை பண்றோம்" என்கிறார். பொய் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள்.

ஜனவரி 11, வியாழன்

அமலதாஸ் குக்கர் மூடியைத் திறந்து கொடுத்தார். நான் கேட்கவில்லை. ரப்பர் வளையம் புதிது, அதனால் இறுக்கம்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தார். வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் விரலைப் பார்த்துவிட்டார்.

"என்ன அண்ணி, கல்யாண மோதரத்தக் காணோம்?"

"லேப்ல கையுறை கிழியுது, அதான் கழட்டி வச்சிட்டேன்."

உண்மைதான். கையுறை கிழியத்தான் செய்கிறது. நவம்பரில் ஒரு நாள் அரை சோப்பைக் கரைத்து, பல்லைக் கடித்து அந்த மோதிரத்தைக் கழற்ற வேண்டியிருந்தது என்பதை நாத்தனாரிடம் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? அவர் அதைப் புள்ளம்பாடியில் இருக்கும் சொந்தக்காரர்கள் வரை கொண்டுசேர்ப்பார். அமலதாஸ் கரும்பை வெட்டிக்கொண்டிருந்தவர் ஒரு நொடி நிறுத்திவிட்டு மறுபடி வெட்டினார்.

ஜனவரி 19, வெள்ளி

தலைவலிக்கு வாங்கிய மாத்திரை அட்டை தீர்ந்துவிட்டது. இந்த மாதம் இது நான்காவது அட்டை. தலை வலித்ததாக ஞாபகம் இல்லை. மாத்திரை நன்றாக வேலை செய்கிறது போலிருக்கிறது.

ஜனவரி 23, செவ்வாய்

இன்று இரண்டு தட்டுகள் போட்டேன். சோப்புப் பெட்டி அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் தொண்ணூற்றாறு குழிகள். ஒவ்வொரு குழியிலும் துளி ரத்தநீரைப் பிப்பெட் என்னும் உறிஞ்சுகுழாயால் விட்டு, கழுவி, மருந்து விட்டு, மறுபடி கழுவி, கடைசியில் மஞ்சள் நிறம் வரும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு புரதம். ஒவ்வொருவரின் ரத்தத்தையும் இரண்டு குழிகளில் விட வேண்டும். இரண்டிலும் ஒரே எண் வந்தால் டெக்னீஷியன் கை சுத்தம். வித்தியாசம் வந்தால் டெக்னீஷியனுக்குக் கை நடுக்கம், அல்லது கவனக்குறைவு, அல்லது காதல்.

எனக்கு வித்தியாசம் வராது. பதினான்கு வருடத்தில் வந்ததில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். என்னிடம் பெருமைப்பட வேறு ஒன்றும் கிடையாது. படித்தது டிப்ளமோ, வேலை ஒப்பந்தம், சொந்தமாக இருப்பது இந்தக் கை ஒன்றுதான்.

கண்ட்ரோல்களுக்கெல்லாம் ஏழு, எட்டு, ஒன்பது என்று வந்தது. நோயாளிகளுக்குப் பன்னிரண்டுக்கு மேல். சார் எதிர்பார்த்தபடியே இரண்டு கூட்டமும் அழகாகப் பிரிந்து நின்றன. பதினேழுக்கு மட்டும் 15.8. பக்கத்துக் குழியில் 15.9.

இயந்திரத்தை அணைத்து மறுபடி போட்டுப் படித்தேன். அதே எண். இயந்திரத்தைத் துடைக்க வேண்டும்.

ஜனவரி 24, புதன்

சார் வரைபடத்தைப் பார்த்தார். கீழே முப்பத்தொன்பது புள்ளிகள் அடக்கமாக உட்கார்ந்திருக்க, பதினேழு மட்டும் மேலே நோயாளிகளோடு போய்ச் சேர்ந்திருந்தது.

"யாரும்மா இந்தப் பதினேழு? என் கிராஃபையே கெடுக்குறான்."

மதுவந்தி கண் கலங்கியது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அவரே விளக்கமும் கொடுத்தார். ஓடிவிட்டோ வேகமாக நடந்துவிட்டோ உடனே ரத்தம் கொடுத்தால் இந்தப் புரதம் கொஞ்ச நேரத்துக்கு ஏறி நிற்கும். "அந்த ஆசாமி மூச்சு வாங்க வந்து ரத்தம் குடுத்திருப்பான். அரை மணி நேரம் உக்கார வச்சு மறுபடி எடுங்க."

அப்பாடா. அன்றைக்கு லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான்கு மாடி ஏறி வந்தேன். அதைத்தான் இயந்திரம் காட்டியிருக்கிறது. துடைக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஜனவரி 30, செவ்வாய்

அரை மணி நேரம் நாற்காலியில் சும்மா உட்கார்ந்தேன். வேலையில் சேர்ந்ததிலிருந்து இப்படி உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. ரத்த வங்கி நர்ஸிடம் "பதினேழாம் நம்பர் ஆளு வரல, என்னோடத எடுத்து இயந்திரத்தச் சரிபார்க்கணும்" என்று சொல்லி எடுக்க வைத்தேன். எழுந்திருக்கும்போது முட்டி ஒத்துழைக்கவில்லை. ரொம்ப நேரம் உட்கார்ந்தால் யாருக்கும் அப்படித்தான்.

பிப்ரவரி 6, செவ்வாய்

16.1. பக்கத்துக் குழியிலும் 16.1.

பிப்ரவரி 7, புதன்

சாம்பார் வைத்தேன். துணி ஊறவைத்தேன். அமலதாஸ் பிழிந்து காயப்போட்டார். பிரின்சிக்குக் கணக்கில் நாற்பத்தொன்று. எழுத வேறு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

நிர்வாகத்திலிருந்து சுற்றறிக்கை. ஒப்பந்த ஊழியர்கள் அனைவரும் மார்ச் 15க்குள் உடற்தகுதிச் சான்று தர வேண்டும், அப்போதுதான் புதுப்பிப்பார்களாம். ஆஸ்பத்திரி தன் ஊழியர்கள் உடல்நலத்தில் காட்டும் அக்கறையைப் பார்த்து எனக்குப் புல்லரித்தது. போன வருடம் எக்ஸ்ரே பிரிவு தனபாலுக்கு முதுகுத்தண்டில் பிரச்சினை என்று தெரிந்ததும் "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று அன்போடு அனுப்பிவைத்தார்கள். இன்னும் ரெஸ்டில்தான் இருக்கிறார்.

கை சரியில்லை என்று தெரிந்தால் எனக்கும் அதே அன்பு கிடைக்கும். பிப்பெட் பிடிக்க முடியாத டெக்னீஷியனை வைத்துக்கொண்டு இவர்கள் என்ன செய்வார்கள்? இதில் கிண்டல் செய்ய ஒன்றும் இல்லை. பயமாக இருக்கிறது.

என் கை சரியாக இருக்கிறது என்பதால் இந்தக் கேள்வி எழவில்லை.

பிப்ரவரி 14, புதன்

சாம்பல் புதன். கோயிலில் முழங்கால் போட்டேன். போட்டது சுலபம். எல்லோரும் எழுந்து நெற்றியில் சாம்பல் வாங்கப் போனார்கள், நான் மட்டும் அங்கேயே பக்தியில் ஆழ்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெண்மணி என்னைப் பார்த்து உருகியே போய்விட்டார். ஆண்கள் பக்கத்திலிருந்து அமலதாஸ் வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்.

"கால் மரத்துப்போச்சு" என்றேன்.

"ம்."

வீட்டுக்கு வரும் வழியில் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே சொன்னார்: "ராணி, எங்கிட்டச் சொல்ல வேணாம். அந்த மூட்டு டாக்டரம்மா உங்க ஆஸ்பத்திரியிலயேதான இருக்காங்க, அவங்ககிட்டச் சொல்லேன்."

"என்னத்தச் சொல்றது?"

அவர் கியரை மாற்றினார். இருபது வருடக் குடும்ப வாழ்க்கையில் எங்கள் வீட்டில் நடந்த மிக நீளமான சண்டை இதுதான்.

பிப்ரவரி 20, செவ்வாய்

பிப்பெட்டின் பித்தானைக் கட்டைவிரலால்தான் அமுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா? உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் அமுக்கினாலும் இறங்குகிறது. இடது கையால் தாங்கிக்கொண்டு வலது உள்ளங்கையால் அமுக்கி இன்று ஒரு முழுத் தட்டை முடித்தேன். முன்பு ஒரு மணி நேரம், இப்போது இரண்டேகால் மணி. ஜோடிக் குழிகளில் ஒன்றுகூட வித்தியாசம் இல்லை. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். தண்ணீர்ச் சத்தத்தில் வேறு சத்தம் கேட்காது.

மதுவந்தி கதவருகே நின்றிருந்தது. "அக்கா, நாளைக்குத் தட்டு நான் போடட்டுமா?"

"நீங்க போட்டா ஜோடிக் குழி அடிச்சிக்கும் டாக்டர். போய் ஆய்வேடு எழுதுங்க."

கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன். பாவம், அந்தப் பெண் சும்மாவே அழும்.

பிப்ரவரி 27, செவ்வாய்

ஷகிலா பானு மேடம் தன் நோயாளிகளின் எண்களை வாங்கிக்கொள்ள நேரில் வந்தார். பொதுவாக யாரையாவது அனுப்புவார். காகிதத்தை நீட்டினேன். அவர் காகிதத்தை வாங்காமல் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில எந்திரிச்சா விரல் மடங்க எவ்ளோ நேரமாகுது?"

"யாருக்கு மேடம்?"

"யாருக்கோ." காகிதத்தை வாங்கிக்கொண்டார். "திங்கள், வெள்ளி எனக்கு ஓ.பி. அந்த யாரையோ வரச் சொல்லுங்க. டோக்கன் வேணாம், நேரா உள்ள வரலாம்."

இந்த மூட்டு டாக்டர்களுக்கு இதே வேலை. கல்யாணத்துக்குப் போனால்கூட மாப்பிள்ளையின் கணுக்களைத்தான் பார்ப்பார்கள்.

மார்ச் 1, வெள்ளி

போகவில்லை. லேபில் வேலை இருந்தது.

மார்ச் 4, திங்கள்

வேலை இருந்தது.

மார்ச் 5, செவ்வாய்

மதுவந்தி ஆய்வேட்டின் வரைவை என் மேசையில் வைத்தது. நன்றியுரையில் என் பெயர் இருப்பதைக் காட்டத்தான். "திருமதி சகாயராணி" என்று எழுத்துப் பிழையில்லாமல் அச்சடித்திருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. பக்கத்தைப் புரட்டியது தப்பு.

முடிவுகள் பகுதியில் ஒரு வரி. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால்: "கண்ட்ரோல் 17, தொழில்நுட்பப் பிழை காரணமாக நீக்கப்பட்டது."

"சார்தான் அக்கா போடச் சொன்னாரு. அந்த ஒரு புள்ளிய எடுத்துட்டா கிராஃப் சுத்தமாயிருது. எக்ஸாமினர் கேள்வி கேக்க மாட்டாங்க."

"நல்லது டாக்டர்" என்றேன்.

நல்லதுதான். யோசித்துப் பார்த்தால் இதைவிட நல்லது கிடையாது. பதினேழு ஒழிந்தது. சாருக்குக் கிராஃப் சுத்தம், மதுவந்திக்குப் பட்டம், எனக்கு ஏப்ரல் ஒன்றாம் தேதி. பதிவேட்டை யாரும் திறக்கப் போவதில்லை. மூன்று பேருக்கும் லாபம். வீட்டுக்கு வந்து இட்லி அவித்தேன். அமலதாஸ் இரண்டு தடவை "என்ன?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று இரண்டு தடவை சொன்னேன்.

மார்ச் 6, புதன்

தொழில்நுட்பப் பிழை.

எங்கள் லேபில் இருப்பது ஒரே ஒரு தொழில்நுட்பர். 15.8, 15.9. பிறகு 16.1, 16.1. இது பிழையாம். நாலாயிரம் தட்டு போட்டிருக்கிறேன். ஒரு குழி தவறியதில்லை. உள்ளங்கையால் அமுக்கிய தட்டில்கூடத் தவறவில்லை. வலியோடு போட்டேன், அழுதுகொண்டே போட்டேன், தப்பாகப் போட்டதில்லை.

வலியோடு என்று எழுதிவிட்டேன். பேனாவில்தான் எழுதியிருக்கிறேன், அழிக்க முடியாது. இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 7, வியாழன்

காலையில் பதிவேட்டையும் இயந்திரம் அச்சடித்த இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனேன். மதுவந்தி அங்கேதான் உட்கார்ந்திருந்தது. கதவை மூடினேன். சாருக்குக் கதவை மூடினால் பிடிக்காது.

"சார், அந்த வரிய எடுத்துடுங்க."

"எந்த வரி?"

"பதினேழாம் நம்பருக்கு டெக்னிக்கல் எரர்னு போட்டிருக்கீங்களே, அது."

"அது யாரையும் குறிச்சுச் சொல்றது இல்லம்மா. எல்லா ஆய்வுலயும் எழுதுறதுதான். ஒரு சம்பிரதாயம்."

"லேப்ல நான் ஒருத்திதான் சார் டெக்னீஷியன்." தாள்களை அவர் முன்னால் வைத்தேன். "ரெண்டு தடவை ஓட்டிருக்கேன். ரெண்டு தடவையும் ஜோடிக் குழி ஒத்துப்போவுது. ரெண்டாவது தடவை அரை மணி நேரம் உக்கார வச்சுத்தான் ரத்தம் எடுத்தது. எரர்னா எங்க எரர்னு காட்டுங்க சார்."

சார் பார்த்தார். எண் என்றால் அவர் ஒழுங்காகப் பார்ப்பார், அதைக் குறை சொல்ல முடியாது. நீண்ட நேரம் பார்த்தார்.

"சரியாத்தான் இருக்கு" என்றார் கடைசியில். "அப்போ நல்லா இருக்கற ஆளுக்கு எப்பிடிம்மா பதினாறு வரும்?"

"நல்லா இருக்கற ஆள் இல்ல சார்."

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

கையுறைகளைக் கழற்றினேன். அதற்கு நேரம் பிடித்தது. கழற்றி முடித்ததும் இரண்டு கைகளையும் மேசைமேல், அவருடைய சுத்தமான கிராஃபின்மேல் வைத்தேன். கணுக்கள் இருக்கிற அழகு வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது.

"நான்தான் சார் பதினேழு."

பிறகு சார் சொன்ன முதல் வாக்கியத்தை அப்படியே எழுதுகிறேன்: "அப்போ எனக்குக் கண்ட்ரோல் முப்பத்தொம்பதுதானா?"

சிரித்துவிட்டேன். அவரால் அவ்வளவுதான் முடியும், அதுவும் தெரிந்ததுதான். ஆனால் அடுத்து அவர் செய்தது தெரியாதது. பேனாவை எடுத்து அந்த வரியை அவரே அடித்தார். ஒரு தடவை அடித்தது போதாதென்று இரண்டு தடவை அடித்தார். "படிவத்துல இல்லன்னு டிக் பண்ணிருக்கீங்க" என்றார்.

"பொய் சார். தட்டுல எந்தப் பொய்யும் இல்ல. படிவத்துலதான்."

"கான்ட்ராக்ட் விஷயம் என் கையில இல்லம்மா. நிர்வாகம்..."

"தெரியும் சார்."

மதுவந்தி எதிர்பார்த்தபடியே அழுதது. அழுதுகொண்டே என் பதிவேட்டை வாங்கிக்கொண்டு, "வாங்கக்கா, நாளைக்கு நானே ஓ.பி.க்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றது. உத்தரவு மாதிரி இருந்தது. அந்தப் பெண்ணுக்கு உத்தரவு போடவும் வரும் என்று இன்றுதான் தெரிந்தது.

மார்ச் 8, வெள்ளி

மகளிர் தினம். வாசலில் கல்லூரி நிர்வாகம் ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுத்தது. தண்டைப் பிடிக்க முடியாமல் பைக்குள் போட்டேன்.

ஷகிலா பானு மேடம் கோபப்படவில்லை. "அந்த ஒரு எண்ண வச்சு நான் வியாதி சொல்ல மாட்டேன். ஆனா நல்லா இருக்கேன்னு சொல்ற ஆளுக்கு அது ஏறுனா, ஏன்னு கேக்கணும்" என்றார். வேறு மூன்று ரத்தப் பரிசோதனைகள் எழுதினார். இரண்டு கைகளுக்கும் எக்ஸ்ரே. ரத்தத்தை என் லேபுக்குத்தான் அனுப்பினார். நான் தொடவில்லை, மதுவந்தி போட்டது. ஜோடிக் குழி நன்றாகத்தான் ஒத்துப்போயிருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

மார்ச் 11, திங்கள்

முடக்குவாதம்தான். மூன்று பரிசோதனைகளும் ஒரே குரலில் சொல்லிவிட்டன.

அமலதாஸ் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். உள்ளே வர மாட்டேன் என்று வெளி பெஞ்சில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்துகொண்டார். ஆஸ்பத்திரி என்றால் அவருக்கு ஒத்துக்காது. ஆஸ்பத்திரி ஊழியரைக் கல்யாணம் செய்துகொண்டது அவர் விதி.

ஷகிலா பானு மேடம் எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டினார். வலது கை நடுவிரலின் அடிக்கணுவைக் காட்டினார். அங்கே மட்டும் இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் இடைவெளி குறைந்திருந்தது.

"இங்க குருத்தெலும்பு போயிருக்கு. போனது திரும்ப வராது, அதுக்கு எங்கிட்ட மருந்து கிடையாது. மத்த கணுவெல்லாம் இன்னும் நல்லா இருக்கு. அதக் காப்பாத்த மருந்து இருக்கு. எக்ஸ்ரேல எல்லாக் கணுவும் தெரியற வரைக்கும் நீங்க உக்காந்திருந்தா, நானும் சேர்ந்து பாத்துட்டு உக்காந்திருக்கணும்."

வாரம் ஒரு நாள் மாத்திரை. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். தகுதிச் சான்றில் "சிகிச்சையில் இருக்கிறார், வேலை செய்யலாம், தொடர்ந்து பிப்பெட் பிடிக்கும் வேலையைக் குறைக்கவும்" என்று எழுதினார். நிர்வாகம் கடைசி வரியை மட்டும் படிக்கும் என்று எனக்குத் தெரியும். மேடத்துக்கும் தெரியும். "இதத்தான் எழுத முடியும்" என்றார். "இதத்தான் எழுதணும்" என்றேன். வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். ஏப்ரல் ஒன்றாம் தேதி யார் முட்டாள் என்று அன்றைக்குப் பார்க்கலாம்.

பிறகு அட்டையில் எழுதுவதற்காகக் கேட்டார்: "வலி எத்தன நாளா இருக்கு? சரியாச் சொல்லுங்க, இத வச்சுத்தான் மருந்தோட அளவு முடிவு பண்ணுவேன்."

இந்த டைரியைப் படித்தால் ஜனவரியிலிருந்து என்று இருக்கும். "ரெண்டு வருஷம் மேடம்" என்றேன். சொன்னதும் உடம்பே லேசான மாதிரி இருந்தது. என்னைப் பற்றி முதல் தடவையாக ஒரு உண்மையான பதிவு செய்துவிட்டதாக ஒரு பெருமை.

வெளியே வந்தேன். அமலதாஸ் எழுந்து நின்றார்.

"என்ன சொன்னாங்க?"

"முடக்குவாதமாம். ஒரு விரல் போயிருக்கு, மத்தது காப்பாத்தலாமாம். எவ்ளோ நாளான்னு கேட்டாங்க. ரெண்டு வருஷம்னு சொல்லிட்டேன். எல்லாத்தயும் சொல்லிட்டேன்."

அவர் சாப்பாட்டுப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"மூணு வருஷம்" என்றார்.

"என்ன?"

"பிரின்சிக்குக் கோயில்ல புதுநன்மை குடுத்த அன்னிக்கு அதுக்கு நீ தல பின்ன உக்காந்த. பாதியில நிறுத்திட்டு, எதுத்த வீட்டு அக்காகிட்ட அனுப்பி வச்ச. நேரமாயிருச்சுன்னு சொன்ன. நேரமாகல. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அது நடந்து மே வந்தா மூணு வருஷம்."

நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அழுதேன். வராந்தாவில் நாற்பது பேர் இருந்தார்கள், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று இருந்தது. மூன்று வருடமாக இந்த மனிதர் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார். கேட்கவில்லை. குக்கரைத் திறந்தார், துணியைப் பிழிந்தார், எண்ணினார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். அவர் கை கொடுத்தார், பிடித்துக்கொண்டேன். திரும்ப மேடத்தின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே வேறு நோயாளி இருந்தார்.

"மேடம், மன்னிச்சுக்கங்க. ஒரு திருத்தம்" என்றேன். "ரெண்டு இல்ல. மூணு."